பசையும் மூச்சும்



கடந்த சில மாதங்களாக நேரிலும் தொலைபேசியிலும் பலர் எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். "பழைய கார்களின் உட்பக்கத்துக்கு ரெக்சின் ஒட்டுகிற வேலை கிடைக்குதாம். பட்டறைக்குப் போகத் தேவையில்லை, கதவுத் தட்டுகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவினமாம். ஒரு தட்டுக்கு இவ்வளவு என்று கையில காசு. செய்யலாமோ?" கேட்டவர்கள் அநேகமாகப் புதிதாக வந்த குடும்பங்கள். கணவன் டொச் வகுப்புக்குப் போகிறார், மனைவி கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கிறார், ஊரில் கடன்காரர் காத்திருக்கிறார். இந்த நிலையில் வீடு தேடி வரும் வேலையை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆகவே ஓம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லாமல், அந்த வேலை என்ன, அதற்குள் என்ன இருக்கிறது என்பதை இம்முறை விரிவாகப் பார்ப்போம்.

நாங்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்லர். ஓ.எல். வரை படித்துவிட்டு நாட்டைவிட்டு வெளிக்கிட்டவர்கள். வால்டோர்ஃபில் குடியிருந்து, பிளாஸ்ரிக் பாகங்களுக்கு உறை ஒட்டும் பகுதியில் ஷிப்ற் வேலை செய்கிறோம். மேசையில் நின்று கையால் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

கார் பிறந்த மண்

நாம் வந்து சேர்ந்திருக்கும் இந்தப் பகுதி சாதாரணமானதல்ல. எங்கள் ரயில் நிலையத்தின் பெயர் வீஸ்லொக்-வால்டோர்ஃப். காலையில் அங்கே இறங்கும் கூட்டத்தில் ஒரு பகுதி தோளில் கணினிப் பையோடு எஸ்.ஏ.பி. நிறுவனத்துக்குப் போகும். இன்னொரு பகுதி சாப்பாட்டுப் பெட்டியோடு தொழிற்சாலைகளுக்குப் போகும். பக்கத்து ஊரான வீஸ்லொக்கில் ஒரு பழைய மருந்துக்கடை இருக்கிறது. 1888ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பேர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி, கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியில், தன் இரண்டு ஆண்பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து பொர்ட்ஸ்ஹைமிலுள்ள தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். ஏறக்குறைய 100 கிலோமீற்றர் ஓட்டம். வழியில் எரிபொருள் குறைந்தபோது வீஸ்லொக் மருந்துக்கடையில்தான், துணிக்கறை போக்க விற்ற லிக்ரோயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். அதனால் அந்தக் கடையை உலகத்தின் முதலாவது பெற்றோல் நிலையம் என்கிறார்கள். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் கிடந்த யாழ்ப்பாணத்தில், எங்கள் அப்பாமார் நாலு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் கார் ஓட்டியதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கதை நன்றாகவே விளங்கும்.

அதே பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. பள்ளத்தில் இறங்கும்போது மரத்தால் செய்த பிரேக் கட்டைகள் தேய்ந்துபோக, வழியில் ஒரு செருப்புத் தைப்பவரைக் கொண்டு அவற்றின்மேல் தோல் அடிப்பித்தார் பேர்த்தா அம்மையார். காரோடு தோல்வேலைக்காரரின் உறவு அன்றைக்கே தொடங்கிவிட்டது என்று சொல்லலாம். இன்று அந்த வழி முழுவதும் பேர்த்தா பென்ஸ் நினைவுப் பாதை என்று 2008இல் பெயர் பெற்று, கோடை ஞாயிறுகளில் பழைய கார்கள் வரிசையாக ஓடுவதைக் காணலாம். ஸின்ஸ்ஹைம், ஸ்பையர் நகரங்களின் தொழில்நுட்ப அருங்காட்சியகங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. பழைய காரைப் பிள்ளைபோல வளர்க்கும் மனிதர்கள் இந்த வட்டாரத்தில் நிறைய. அதனால்தான் இந்த வேலையும் இருக்கிறது.

ஓல்ட்ரைமர் என்றால்

ஆங்கிலத்தில் ஓல்ட்ரைமர் என்றால் வயதான மனிதர். டொச்சில் அதே சொல்லுக்குப் பழைய கார் என்று பொருள். புதிதாக வந்தவர்கள் இதில் குழம்புவதுண்டு. முதலாவது பதிவு நடந்து 30 வருடமாவது கழிந்திருக்க வேண்டும். கார் தன் பழைய தோற்றத்தோடு நல்ல நிலையில் பேணப்பட்டிருக்க வேண்டும். நிபுணர் பார்த்து அறிக்கை கொடுத்தால் இலக்கத்தகட்டின் முடிவில் 'ஹா' என்ற எழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். இந்த முறை 1997இல் வந்தது. அந்தக் காருக்கு எஞ்சின் எவ்வளவு பெரிதானாலும் வருடத்துக்கு 191.73 யூரோ என்ற ஒரே வரிதான். ஆகவே உள்ளே கிழிந்து தொங்கும் உறையைக் கண்ட நிறத்தில் ஒட்டிச் சமாளிக்க முடியாது. பழையது போலவே இருக்க வேண்டும்.

இதில் கவனிக்க ஒரு விடயம் உண்டு. முந்திய ஓல்ட்ரைமர் கார்களின் கதவுத் தட்டுகள் பெரும்பாலும் அழுத்திய மரநார்ப் பலகையால் ஆனவை. இப்போது 30 வயதைத் தாண்டியிருப்பவை 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் வந்த கார்கள். இரண்டாவது தலைமுறை கொல்ஃப் 1983இலும், மெசேடிஸ் 190 அதற்கு முந்திய வருடமும் வெளிவந்தன. அந்தக் காலத்துக் கார்களின் உட்பாகங்களில் பிளாஸ்ரிக் மிகுதி. பலகைக்குப் பசை பூசி ஒட்டிய பழைய கைப்பழக்கம் பிளாஸ்ரிக்கில் பலிக்காது. தொழிற்சாலையில் இதைச் சூடாக்கி, காற்றை உறிஞ்சி, மெசின் ஒரே இழுப்பில் ஒட்டிவிடும். பழைய காருக்கு ஒன்று இரண்டு தட்டு என்பதால் மெசின் கட்டுப்படியாகாது. மனிதக் கைதான் வேண்டும்.

நம்மூர் ரெக்சினும் இந்த ஊர் குன்ஸ்ட்லேடரும்

நம்மூர்க் குஷன் கடையில் இருந்ததெல்லாம் நமக்கு ரெக்சின்தான். உண்மையில் ரெக்சின் என்பது ஆங்கில நாட்டு நிறுவனமொன்றின் வியாபாரப் பெயர். பருத்தித் துணியில் நைற்றோசெலுலோசு பூசிச் செய்தது. இன்று நாம் ஒட்டுவது அதுவல்ல. பி.வி.சி. என்ற பிளாஸ்ரிக்கை மெதுவாக்கித் துணியின்மேல் படியவைத்த விரிப்பு. வினைல் என்றும், டொச்சில் குன்ஸ்ட்லேடர், அதாவது செயற்கைத் தோல் என்றும் சொல்வார்கள்.

பி.வி.சி. தன் இயல்பில் தண்ணீர்க் குழாய் போல விறைப்பானது. அதைத் துணிபோல வளையவைக்க எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலக்கிறார்கள். டொச்சில் அதற்கு வைக்மாகர், மெதுவாக்கி, என்று பெயர். இந்த மெதுவாக்கி ஓரிடத்தில் நிற்காது. வெயிலில் நின்ற காரின் கண்ணாடியில் உட்பக்கமாக ஒரு மங்கல் எண்ணெய்ப் படலம் படிவதைக் கண்டிருப்பீர்கள். அதில் இந்த மெதுவாக்கிக்கும் பங்கு உண்டு. மேலே ஆவியாகப் போவதுபோல் கீழே பசைக்குள்ளும் இறங்கும். வருடக் கணக்கில் இறங்கி, பசையைக் கூழாக்கிவிடும். அதனால் பசை வாங்கும்போது ரின்னில் 'வைக்மாகர்பெஷ்டென்டிஷ்', மெதுவாக்கியைத் தாங்கும், என்று எழுதியிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். வெப்பம் தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும். கோடையில் கண்ணாடி மூடி நிற்கும் காரில், வெயில் நேராக விழும் டாஷ்போட் கை வைக்க முடியாதபடி கொதிக்கும்.

இனி அடியிலுள்ள பிளாஸ்ரிக். தட்டைத் திருப்பிப் பின்புறம் பாருங்கள். ஏ, பி, எஸ் என்ற மூன்று எழுத்துகள் அச்சில் எழும்பி நின்றால் அது நல்லது, பசை பிடிக்கும். ஆனால் அசிற்றோனால் துடைத்தால் அந்தப் பிளாஸ்ரிக்கே கரையும். பி, பி என்று இரண்டு எழுத்து இருந்தால் அது பொலிப்புறொப்பிலீன். மெழுகுபோல வழுக்கும் சாதி. சும்மா பசை பூசினால் முழுத்தாளாக உரிந்து வரும். அதற்கென்று உள்ள ஒட்டுப்பிடி மருந்தை, டொச்சில் ஹாப்ற்பெர்மிற்லர், முதலில் பூச வேண்டும். எழுத்து இல்லாத பழைய தட்டானால் மறைவான ஓரத்தில் ஒரு சிறு துண்டு சீவித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பொலிப்புறொப்பிலீன் என்று எண்ணலாம். தாழ்ந்தால் ஏ.பி.எஸ். ஆக இருக்கலாம், ஆனால் கல்மாக் கலந்த பொலிப்புறொப்பிலீனும் தாழும். ஆகவே எதுவானாலும் மறைவான இடத்தில் கொஞ்சம் ஒட்டி, மறுநாள் இழுத்துப் பார்த்த பிறகே முழுவதிலும் கை வையுங்கள். தீ வைத்து மணந்து பார்க்கும் வழி வேண்டவே வேண்டாம்.

சைக்கிள் கடைக்காரர் கற்றுத்தந்த பாடம்

இந்தப் பசையின் தன்மை நம்மில் யாருக்கும் புதிதல்ல. சைக்கிள் ரியூப் ஒட்டுவதைப் பார்த்திருக்கிறோம். கடைக்காரர் ஓட்டையைச் சுற்றி உரசி, சொலூஷன் பூசி, உடனே ஒட்டாமல் ஊதிக்கொண்டு நிற்பார். "கெதியா ஒட்டுங்கோ அண்ணை, ரியூசனுக்கு நேரமாச்சு" என்றால், "காயட்டும் தம்பி, ஈரத்தில ஒட்டினா வாசலுக்குப் போக முன்னம் காத்துப் போயிடும்" என்பார். நாங்கள் தொழிற்சாலையில் கற்றதும் அதைத்தான்.

டொச்சில் கொன்ராக்ற்கிளேபர் என்று சொல்லும் இந்தப் பசை, குளோரோப்பிறீன் என்ற செயற்கை இறப்பரைக் கரைப்பானில் கரைத்துச் செய்வது. அமெரிக்காவில் டூபொன்ட் நிறுவனத்தில் 1930இல் கண்டுபிடித்த இறப்பர் அது. ஜேர்மனியில் ஹென்கல் நிறுவனம் 1956இல் பற்றெக்ஸ் என்ற பெயரில் இவ்வகைப் பசையைக் கடைக்குக் கொண்டுவந்தது. இரு பக்கமும் பூச வேண்டும். கரைப்பான் பறந்துபோய், விரலால் தொட்டால் நூல் இழுக்காத நிலை வரும்வரை பொறுக்க வேண்டும். பசையையும் அறையின் சூட்டையும் பொறுத்து 10, 15 நிமிடம் செல்லும். ரின்னில் எழுதியிருக்கும் நேரமே சரியான நேரம். பிறகு இரண்டையும் சேர்த்தால் இறப்பர் இறப்பரைப் பிடிக்கும். நெடுநேரம் பாரம் வைத்து அழுத்துவதில் பயன் இல்லை. சேர்க்கும் கணத்தில் எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பதே முக்கியம். அதற்குச் சிறிய உருளை நல்லது. ஒருமுறை தொட்டால் நகர்த்த முடியாது. எனவே வைக்கும் இடத்தை முன்கூட்டியே பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும்.

வேலையின் ஒழுங்கு இதுதான். முதலில் பழைய உறையை உரித்து, அடியில் மாவாய் உதிரும் பழைய பஞ்சை முற்றாகச் சுரண்ட வேண்டும். பழைய கார்களில் உறையும் கூரைத் துணியும் தொங்குவதற்கு முக்கிய காரணம் இந்தப் பஞ்சு வயதாகிப் பொடியாவதுதான். பொடியின்மேல் எந்தப் பசையும் நிற்காது. அடுத்து 120, 150 இலக்கச் சாண்ட்பேப்பரால் பளபளப்புப் போகும்வரை உரசி, ஐசோப்புறொப்பனோல் தொட்ட துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். பசையை மெல்லியதாக, எங்கும் ஒரே அளவாகப் பூச வேண்டும். ஒட்டும்போது தட்டின் ஆழமான குழியிலிருந்து தொடங்கி வெளியே வர வேண்டும். மேட்டில் தொடங்கிக் குழியில் முடித்தால், வினைல் இழுபட்டு நின்று ஒரு வாரத்தில் குழியில் பாலம் போட்டதுபோல் எழும்பிவிடும். வளைவில் சுடுகாற்றுக் கருவியால் மெல்லச் சூடுகாட்டினால் வினைல் இளகி வரும். அதிகம் காட்டினால் தோல் போன்ற வரிகள் அழிந்து வழவழவென்று ஆகிவிடும். ஓரத்தில் 2 சென்ரிமீற்றர் விட்டுப் பின்பக்கம் மடித்து, மூலைகளில் சிறு வெட்டுப் போட்டு ஒட்ட வேண்டும். ஒரு நாள் முழுவதும் ஆறவிட்டுப் பிறகு காரில் பூட்டலாம்.

குளிர் அறையில் இந்த வேலை செய்யக்கூடாது. கரைப்பான் பறக்கும்போது மேற்பரப்பு மேலும் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் பசைமேல் வெண்புகைபோல் படியும். அதன்மேல் ஒட்டியது நிற்காது. குறைந்தது 18 பாகை வெப்பம் வேண்டும். இங்கேதான் பிரச்சினை தொடங்குகிறது. மாரியில் அறை சூடாக இருக்க வேண்டுமென்றால் யன்னலைப் பூட்டுவார்கள். யன்னலைப் பூட்டினால், பறந்த கரைப்பான் எங்கே போகும்?

பறந்தது எங்கே போனது

பசையிலிருந்து பறப்பது காணாமல் போவதில்லை. அது நம் மூச்சுக்குள் வருகிறது. அதன் ஆவி காற்றைவிடப் பாரமானது. தரையோடு தவழும். கெல்லர் என்று நாம் சொல்லும் நிலவறையில் தேங்கும். தரையில் தவழும் குழந்தையின் மூக்கு எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கெல்லரில் சூடேற்றும் அடுப்பும் இருந்தால் ஒரு தீப்பொறி போதும்.

முதல் நாள் மணம் மூக்கைத் துளைக்கும். மூன்றாம் நாள் மணமே தெரியாது. பழகிவிட்டது என்பார்கள். மூக்குத்தான் பழகுகிறது, மூளையும் ஈரலும் நரம்பும் பழகுவதில்லை. தலையிடி, கிறுகிறுப்பு, சாப்பாட்டில் வெறுப்பு, வீட்டுக்கு வந்ததும் காரணமில்லாத எரிச்சல் ஆகியவை முதல் அடையாளங்கள். நம்மவர்கள் பால் குடித்தால் சரி என்பார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது. ஆவி சுவாசப்பைக்குப் போகிறது. இரண்டும் சந்திப்பதில்லை. காகிதத் தூசி முகமூடியும் ஆவியைத் தடுக்காது. கபிலநிறப் பட்டியுள்ள ஏ வகை வடிகட்டி போட்ட முகமூடிதான் இத்தகைய ஆவிகளுக்கு உரியது. அதையும் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும். அதற்கும் முன்னதாக வேண்டியது ஆவியை மேசையிலேயே உறிஞ்சி வெளியே தள்ளும் கருவி.

வீட்டில் வைத்துச் செய்வது பற்றிக் கேட்டவர்களுக்கு யப்பானில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1950களில் அங்கே நடிகை ஓட்றி ஹெப்பேர்ன் படத்தில் அணிந்தது போன்ற பாதணிக்குப் பெரும் மவுசு. வினைல் மேற்பட்டியை அடித்தட்டில் ஒட்டும் வேலையை ஏழைக் குடும்பங்கள் வீட்டில் வைத்துச் செய்தன. துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. பசையில் பென்சீன் இருந்தது. எலும்பு மச்சை பழுதாகி இரத்தம் ஊறாமல் பெண்கள் இறந்தார்கள். 1959இல் யப்பான் அரசு பென்சீன் கலந்த இறப்பர்ப் பசையைத் தடை செய்தது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. பென்சீனுக்குப் பதிலாக ஹெக்சேன் வந்தது. 1960களில் அதே பாதணித் தொழிலாளருக்குக் கால் விரல்களிலும் கைகளிலும் விறைப்பு ஏற்பட்டு, நடை தளர்ந்தது. ஹெக்சேன் நரம்பைத் தின்னும் என்பது அவர்களின் உடம்பிலிருந்துதான் மருத்துவ உலகத்துக்கு நன்றாகத் தெரியவந்தது. 1970இல் அந்த நாட்டில் வீட்டுத் தொழிலாளருக்கென்று தனிச் சட்டம் வந்தது.

அவர்கள் ஒட்டியதும் வினைல்தான். பாதணிக்குப் பதில் கதவுத் தட்டு என்பதைத் தவிர, நமக்கு இப்போது வரும் அழைப்புக்கும் அதற்கும் வித்தியாசம் மிகக் குறைவு.

இன்றைய பசையில் பென்சீன் இல்லை. ஐரோப்பாவில் பொதுமக்களுக்கு விற்கும் பசைகளில் ரொலுயீன் 0.1 வீதமோ அதற்கு மேலோ இருக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு 2007 முதல் உண்டு. 350 கிராமுக்கு மேற்பட்ட ரின்னில் விற்கும் குளோரோப்பிறீன் பசைகளில் சைக்ளோஹெக்சேனுக்கும் 2010 முதல் அதே அளவுக் கட்டுப்பாடு வந்தது. ஆனால் இவை கடையில் பொதுமக்கள் வாங்கும் பசைக்கான விதிகள். பட்டறைகளுக்கென்று விற்கும் பெரிய ரின்கள் வேறு. வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் ரின் எது என்று பார்த்தீர்களா? லேபல் கிழித்த வாளியில் ஊற்றித் தந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள்.

கேட்கும் உரிமை

எங்களுக்குத் தெரிந்த தம்பி ஒருவர் சிறிய பட்டறை ஒன்றில் இந்த வேலைக்குச் சேர்ந்தார். யன்னலில்லாத பின் அறை. இரண்டாம் நாள் ஒரு தாளைக் கொடுத்து 'உன்ரர்ஷ்ரைபன்', கையெழுத்துப் போடு, என்றார்கள். பசையின் ஆபத்துகளைப் பற்றி எனக்கு விளக்கம் தரப்பட்டது என்று அதில் இருந்தது. யாரும் ஒன்றும் விளக்கவில்லை. தம்பி தாளைப் படம் எடுத்து எங்களுக்கு அனுப்பி, "அண்ணை, போடட்டோ?" என்று கேட்டார். விளங்காததில் கையெழுத்துப் போடவேண்டாம், விளங்கும் பாஷையில் தரச்சொல்லிக் கேள் என்றோம். "துரத்திப்போட்டா?" என்று அவர் கேட்டதற்கு எங்களிடம் உடனே பதில் இருக்கவில்லை. வாடகை கட்டுவது அவர்தானே. ஆனாலும் மறுநாள் கேட்டார். முதலாளியின் முகம் சிவந்தது. ஒரு கிழமை தம்பியைக் கூட்டிப் பெருக்க விட்டார்கள். பிறகு ஆங்கிலம் தெரிந்த ஒருவர் வந்து ஒரு மணித்தியாலம் விளக்கினார். ஒட்டும் மேசை பெரிய வாசல் கதவுக்குப் பக்கத்தில் வந்தது. உறிஞ்சும் கருவி இன்னும் வரவில்லை. அதற்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

அவர் கேட்டது சலுகை அல்ல. ஆபத்தான பொருட்கள் பற்றிய ஜேர்மன் ஒழுங்குவிதி, கெஃபார்ஸ்ரொஃப்பெரோர்ட்னுங், அதன் 14ஆம் பிரிவில், எழுத்தில் உள்ள வேலை அறிவுறுத்தல் தொழிலாளிக்கு விளங்கும் வடிவத்திலும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அந்தத் தாளின் பெயர் பெற்றீப்ஸ்அன்வைசுங். இந்த ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வேலை தொடங்க முன்பும், பிறகு வருடத்துக்கு ஒருமுறையாவதும் வாயாலும் விளக்க வேண்டும். கர்ப்பிணிகள் முதலாளியிடம் உடனே சொல்ல வேண்டும். இத்தகைய ஆவிக்குள் அவர்களை விடக்கூடாது.

வேலையில் விபத்தோ, வேலையால் நோயோ வந்தால் பார்ப்பது பெறூப்ஸ்கெனொசன்ஷாப்ற் என்ற காப்புறுதி. 1884ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய பழைய அமைப்பு. அதற்கான பணம் முழுவதையும் முதலாளியே கட்டுகிறார்; நம் சம்பளத்தில் ஒரு சதமும் கழிக்க முடியாது. முதலாளி பதியாமல் கறுப்பில் வைத்திருந்தாலும், அவருக்குக் கீழ் வேலை செய்த தொழிலாளிக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. ஆகவே டொக்ரரிடம் போனால் என்ன வேலை, என்ன பசை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். முடிந்தால் ரின்னின் லேபலைப் படம் எடுத்துக் கொண்டுபோங்கள். யாராவது மயங்கி விழுந்தால் முதலில் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 112க்கு அடியுங்கள். பிள்ளைகள் பசையையோ கரைப்பானையோ வாயில் வைத்துவிட்டால், நம் மாநிலத்துக்கான நஞ்சுத் தகவல் நிலையம் பிரைபேர்க்கில் இருக்கிறது. இலக்கம் 0761 19240. அதை இன்றே எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள்.

வீட்டில் செய்யும் வேலைக்கும் இங்கே 1951 முதல் சட்டம் உண்டு. வேலை கொடுப்பவர் யார் யாருக்குக் கொடுக்கிறார் என்று பதிவு வைக்க வேண்டும். கூலியை எழுதிய புத்தகம் தர வேண்டும். வேலையால் உயிருக்கும் உடல்நலத்துக்கும் ஆபத்து வராதபடி இருக்க வேண்டும். வீட்டு வாசலில் தட்டுகளை இறக்கிவிட்டுக் காசைக் கையில் திணித்துவிட்டுப் போகிறவரிடம், "புத்தகம் எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த முறை அவர் வருகிறாரா என்பதிலேயே உங்களுக்கு விடை கிடைக்கும்.

எங்கள் பதில்

ஆகவே கேட்டவர்களுக்கு எங்கள் பதில் இது. கரைப்பான் பசையை வீட்டில் வைத்து ஒட்டாதீர்கள். குசினியிலும் வேண்டாம், கெல்லரிலும் வேண்டாம், பல்கனிக் கதவைத் திறந்துவைத்தும் வேண்டாம். பழைய உறை உரிப்பது, அளவு வெட்டுவது, தைப்பது போன்ற பகுதிகளைப் பதிவோடும் புத்தகத்தோடும் தந்தால், உங்கள் பத்திரம் வேலை செய்ய இடம் கொடுத்தால், வீட்டில் செய்யலாம். ஒட்டுவது காற்றை உறிஞ்சும் கருவி உள்ள பட்டறையில் மட்டும். தண்ணீரில் கரைத்த பசைகளும் இப்போது உண்டு. காய நேரம் பிடிக்கும், துணி முதுகுள்ள வினைலுக்கே நன்றாகப் பிடிக்கும். ஆனால் அந்தக் கரைப்பான் மூச்சு இல்லை. வேலை தருபவரிடம் அதைப் பற்றியும் கேளுங்கள். பட்டறையிலிருந்து வருபவர்கள் உடுப்பை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். வேலை உடுப்பைத் தனியாகத் தோயுங்கள்.

இந்தத் தொழிலை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நல்ல கைக்கு மதிப்புள்ள தொழில். ஊரில் குஷன் கடையில் நின்றவர்கள், தையல் தெரிந்த அக்காமார் நம்மிடையே எத்தனை பேர்! சற்லர் என்ற தோல்வேலைத் தொழிலில் வாகனப் பிரிவுக்கு இங்கே மூன்று வருடப் பயிற்சி இருக்கிறது. பட்டறையில் வேலையும் பாடசாலையில் படிப்புமாக, சம்பளத்தோடு கற்கலாம். 2004 முதல் இந்தத் தொழிலைச் சொந்தமாக நடத்த மைஸ்ரர் பத்திரம் கட்டாயமில்லை. ஆனால் உங்கள் வதிவிடப் பத்திரம் சுயதொழிலுக்கு இடம் கொடுக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்; பதிவும் செய்ய வேண்டும். எங்கள் பகுதிக்கு மன்ஹைமிலுள்ள கைத்தொழில் சம்மேளனம், ஹன்ட்வெர்க்ஸ்காமர், பொறுப்பு. ஊரில் செய்த வேலைக்கு இங்கே என்ன பெறுமதி என்பதையும் அங்கே போய்க் கேட்கலாம். டொச் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இந்த வால்டோர்ஃபில் 1763இல் ஓர் இறைச்சிக்கடைக்காரரின் மகனாகப் பிறந்த ஜோகான் யாக்கோப் அஸ்ரோர், வெறுங்கையோடு அமெரிக்காவுக்குப் போய், விலங்குத் தோல் வியாபாரத்தில் பெரும் செல்வந்தரானார். அவரைப்போல நாமும் ஆவோம் என்று யாரும் சொல்லவரவில்லை. வந்த இடத்தில் உழைத்துப் பிள்ளைகளை ஆளாக்க வேண்டும், ஊரிலுள்ளவர்களுக்கு நாலு காசு அனுப்ப வேண்டும். அதற்கு நம் சுவாசப்பையும் நரம்பும் இன்னும் முப்பது, நாற்பது வருடம் ஓட வேண்டும். முப்பது வருடக் காருக்குப் புது உறை போடலாம். நமக்கு அந்த வசதி இல்லை.

அடுத்த முறை, சம்பளச் சீட்டில் உள்ள ஒவ்வொரு கழிவும் என்னவென்று பார்ப்போம். உங்கள் சம்பளச் சீட்டில் விளங்காத சொற்கள் இருந்தால் எழுதி அனுப்புங்கள்.